பால்கனி மரம் இற்றுப்போனால் யார் செலவு?
கலிபோர்னியாவில், காண்டோ எனப்படும் சொந்த அடுக்குமாடி வீட்டில் பால்கனியின் தாங்குமரம் இற்றுப்போய்விட்டது, "நீங்கள் மட்டும்தானே பயன்படுத்துகிறீர்கள்" என்று வீட்டு உரிமையாளர் சங்கம் செலவை உங்கள் தலையில் கட்டுகிறது என்கிறீர்கள். தயவுசெய்து உடனே காசோலை எழுதிவிடாதீர்கள்.

அங்குள்ள சிவில் சட்டத்தின் 4775-ஆவது பிரிவுப்படி, இப்படி ஒரு வீட்டுக்கு மட்டும் விடப்பட்ட பொது இடத்தைப் பராமரிப்பதுதான் உங்கள் வேலை. பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் சங்கத்தின் பொறுப்பு. ஆனால் சங்கத்தின் சிசி&ஆர் (CC&R) எனப்படும் விதிமுறை ஆவணம் வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும். அதனால் முதலில் அதை வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம், மூன்று வீடுகளுக்குக் குறையாத கட்டடம், தரையிலிருந்து 6 அடிக்கு மேல் மரத்தாங்கலில் நிற்கும் பால்கனி என்றால், 5551-ஆவது பிரிவுப்படி 9 ஆண்டுக்கு ஒருமுறையாவது சங்கம் ஆய்வு செய்ய வேண்டும். அந்த அறிக்கையை எழுத்து மூலமாகக் கேளுங்கள். அதுவரை பால்கனியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.