பெங்களூரிலிருந்து சென்னைக்கு சைக்கிளில் போகும்போது வழியில் மழை பிடித்தால் ஓட்டலாமா, நிற்கணுமா?

தூறல் என்றால் ஓட்டலாம். இடி இடித்தால் யோசிக்கவே வேண்டாம், கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடி ஆகாது.

நான் பெங்களூர் அல்சூர்க்காரன். போன அக்டோபரில் ஓசூர் தாண்டியதும் மாட்டிக்கொண்டேன். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மாலை மழைதான் அதிகம். அதனால் விடியற்காலை 4 மணிக்கே கிளம்பி, மதியத்துக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். நான் 8 மணிக்குக் கிளம்பினேன், அது வேற கதை.

உண்மையில் பயப்பட வேண்டியது மழை விழும் முதல் பத்து, பதினைந்து நிமிஷம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழம்பாகி வழுக்கும். சாலையில் அடித்த வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் ஈரத்தில் சோப்பு மாதிரி. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல், கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகத் தாழ்வு. சூளகிரி தாண்டி மேலுமலைப் பக்கம் இறக்கம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், ரிம்மில் இருக்கும் தண்ணீர் வழிந்துவிடும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள், அடியில் குழி இருக்கும்.

மட்கார்டு, பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் கட்டாயம். ரெயின்கோட் போட்டாலும் வியர்வையில் நனையத்தான் போகிறீர்கள். போனை பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள். ராத்திரி ஷூவுக்குள் பழைய தினத்தந்தியைத் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். செயினைத் துடைத்து எண்ணெய் விட மறந்தால் மறுநாளே கிறீச்சிடும்.