கார் ஓட்டும்போது போனை ஹோல்டரில் மாட்டி ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் ஆபத்தில்லைதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலேசியாவில் பிறையிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவன். தினமும் பினாங்குப் பாலம். போனைக் கையில் பிடித்தால் சம்மன், 300 வெள்ளி (ரிங்கிட்). அதற்குப் பயந்து ஹோல்டர் வாங்கினேன். சட்டத்துக்கு அது போதும்.

போன வருடம் ஒருநாள் காலை, தங்கச்சி கல்யாண விருந்துக் கணக்கு பேச அண்ணன் அழைத்தார். எண்பது மேசை, மேசைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு இவ்வளவு என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஸ்டீரிங்கில், கண் சாலையில். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் ஜாக்கெட்டை நம்மூர் வழக்கப்படி முன்பின்னாகப் போட்டிருந்தார். முதுகுப்பக்கம் ஜிப் திறந்து காற்றில் படபடத்தது. அதுவரைக்கும் பார்த்திருக்கிறேன், பாருங்கள். அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது மட்டும் உறைக்கவில்லை.

உறைத்தபோது மிதித்த மிதியில் பின்சீட்டுச் சாப்பாட்டு டப்பா என் காலடிக்கு உருண்டு வந்தது. இடைவெளி ஒரு முழம் இருந்தால் அதிகம். அவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். "பாங், திடோர் கா?" தூங்குறியா என்று கேட்டார். ஸ்பீக்கரில் அண்ணன், "டேய், லைன்ல இருக்கியா?"

பாலத்தில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். வாட்ஸ்அப்பை 3 நொடி குனிந்து பார்த்தால் 66 மீட்டர் குருட்டு ஓட்டம். இது எல்லாருக்கும் புரியும். பேச்சு அப்படியில்லை. கண் திறந்தே இருக்கும், மூளை வேறெங்கோ இருக்கும், கால் பிரேக்குக்குப் போகத் தாமதமாகும். போன் கையில் இருந்தாலும் ஹோல்டரில் இருந்தாலும் இந்தத் தாமதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரோட்டிகள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பக்கத்து சீட்டில் ஆள் இருந்து பேசினாலும் அதேதானே என்று கேட்பீர்கள். இல்லை. லாரி குறுக்கே வந்தால் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவாள், அல்லது கத்துவாள். ஈப்போவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு லாரி எங்கே தெரியும்?

இப்போது வண்டியில் ஏறியதும் போனைச் சைலண்டில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுகிறேன். அவசரமென்றால் டோலுக்கு முன்னால் உள்ள எண்ணெய் நிலையத்தில் நிறுத்திப் பேசுவேன். அம்மாவுக்குத்தான் கோபம்: "மூணு தடவை அடிச்சேன், பெத்தவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லையா?"