எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மஞ்சக்குப்பத்தில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். நான், மெஷினில் இரண்டு பெண்கள், அவ்வளவுதான். கட்டிங் நான் மட்டுமே. தினமும் காலையில் செய்யவேண்டியதை எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், ஆனால் பத்தரை மணிக்கு யாராவது "சாயங்காலம் ரிசப்ஷன்" என்று வந்து நின்றால் அந்த லிஸ்ட் அதோடு போச்சு. வாட்ஸ்அப் வேறு ஓயாமல் அடிக்கிறது. பாண்டியில் ஒரு பொட்டிக்குக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிறேன், மூன்று மாதப் பணம் நிற்கிறது, போன் செய்து கேட்கக்கூட நேரமில்லை. ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்தும் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: இந்த மாதிரிக் கேள்விக்கு அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் பெயரைச் சொல்லி அவசரம், முக்கியம் என்று நாலு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அவர் வாசலில் அளவு ஜாக்கெட்டோடு யாரும் வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

உங்கள் குழப்பம் காலையில் லிஸ்ட் எழுதும்போது வருவதில்லை, ஆர்டர் வாங்கும்போதே வந்துவிடுகிறது. துணியைக் கையில் வாங்கி "செவ்வாய்க்கிழமை வாங்கம்மா" என்று சொல்லிவிடுகிறீர்கள், அடுத்தவருக்கும் அதே செவ்வாய், அவர் தங்கச்சிக்கும் செவ்வாய், அப்புறம் திங்கள் ராத்திரி உட்கார்ந்து யார் முதலில் என்று யோசித்தால் யார் அதிகம் சத்தம் போடுவார்களோ அவர்தான் முதலில் வருவார். அதனால் ஆர்டர் நோட்டை மாற்றுங்கள். இப்போது ஆளுக்கு ஒரு பில் என்று இருக்கும், அதோடு நாளுக்கு ஒரு பக்கம் வையுங்கள். லைனிங் ஜாக்கெட் ஒரு நாளைக்கு உங்கள் கடையில் உண்மையாகவே எத்தனை முடிகிறது (ஆசைப்படுகிற எண்ணிக்கை வேண்டாம், போன வாரம் முடிந்த எண்ணிக்கை) என்று பார்த்து, அதைவிட ஒன்றிரண்டு குறைத்து அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். பக்கம் நிரம்பினால் அடுத்த தேதிதான். தீபாவளிக்கு முன்னால் "ஆர்டர் எடுப்பது நிறுத்தப்பட்டது" என்று எல்லா டெய்லர் கடையிலும் அட்டை தொங்குகிறது, யாரும் சண்டைக்கு வருவதில்லை. அந்தத் தைரியம் ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் வேண்டும்.

ஒன்றிரண்டு குறைத்து எழுதச் சொன்னது அந்த ரிசப்ஷன் பெண்ணுக்காக. அவர் கேட்பது முழு ஜாக்கெட்டா, இல்லை கொக்கி வைத்து சைடு பிரித்துக் கொடுக்கும் வேலையா என்று முதலில் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை என்றால் செய்துகொடுத்து அனுப்புங்கள், அதில் கணக்குப் பார்க்காதீர்கள். முழு ஜாக்கெட் என்றால் அவசரக் கூலி இவ்வளவு என்று எழுதியே மாட்டிவிடுங்கள். பாதிப்பேர் நாளை மறுநாள் வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள்.

சரி, கடைக்குள் எது முதலில்? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கட்டிங். நீங்கள் வெட்டிப் போட்டால்தான் அந்த இரண்டு பெண்களும் தைக்க முடியும். நீங்கள் வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைன் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரமும் இரண்டு மெஷின் சும்மா நிற்கிறது, கூலி மட்டும் ஓடுகிறது. முதல் நாள் சாயங்காலமே மறுநாளுக்கு வெட்டி வைப்பதோ, ஷட்டரைத் தூக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வெட்டுவதோ, எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனுக்கு மதியம் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் போதும். இரண்டு பெண்களில் ஒருத்திக்காவது லைனிங் வெட்டக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிடுவாள் என்ற பயம் எல்லா டெய்லருக்கும் உண்டு, அதற்காக நீங்கள் காய்ச்சலில் படுத்தால் கடையே படுக்க வேண்டுமா?

டெலிவரி தேதியை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவீர்கள். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு வெளியே அனுப்பும் ஜாக்கெட்டுக்கு தேதி தள்ளி இருக்கும், ஆனால் முதலில் கடையை விட்டுக் கிளம்பவேண்டியது அதுதான். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும், ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரை ஊரில் அது லேசில் காயாது, ஆகவே ஆர்டர் வாங்கிய அன்றே தண்ணீரில் போடுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கிற நாளுக்கு ஹெம்மிங், கொக்கி எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கலாம்.

அப்புறம் பாண்டிப் பணம். இதைத்தான் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. முடித்த வேலைக்கு வரவேண்டிய பணம் வராததால்தான் ராத்திரி பதினொரு மணிவரை புது ஆர்டர் தைத்து ஈடுகட்டுகிறீர்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் உங்களைப் போன்றவர்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. அதோடு, கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை பொட்டிக்காரர்கள் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியாது என்ற விதி 2023–24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது, அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். இதற்கெல்லாம் மத்திய அரசின் சிறு தொழில் பதிவான உத்யம் பதிவு வேண்டும், ஆன்லைனில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பதிவுக்குப் பிறகு தைத்துக் கொடுப்பதற்குத்தான் இதை நம்பலாம், பழைய பாக்கிக்கு வாயைத்தான் நம்பவேண்டும். திங்கள் காலை கட்டிங் முடிந்ததும் முதல் போன் அங்கேதான். முழுசாகத் தராவிட்டாலும் ஒரு பகுதி வந்த பிறகே அடுத்த லாட்டை வெட்டுவேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறேன். கடலூரில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் கேட்கிறார். புது லேபிள், பேக்கிங் மெஷின், இன்ஸ்டாகிராம், எதை முதலில் பார்ப்பது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: மூன்றும் இல்லை. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். புதுச்சேரிக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. கடலூர்க் கடைக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்துகொள் என்று யாராவது சுலபமாகச் சொல்வார்கள், அதில் வெளிமாநிலத்துக்கு விற்க அனுமதியில்லை. பதிவு எடுத்தால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போடவேண்டும், மறந்தால் தினமும் அபராதம் ஏறும். ஆகவே கடலூர்க்காரர் மாதம் எவ்வளவு எடுப்பார் என்று முதலில் பேசி, இந்தத் தொல்லைக்குத் தகுமா என்று கணக்குப் போடுங்கள். தகாது என்றால் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் இன்னும் நாலு கடை பிடிப்பது சுலபம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எங்கே விற்றாலும் வேண்டும். அந்த எண் லேபிளில் இருக்கவேண்டும் என்பதால், எண் கைக்கு வருமுன் அச்சகத்துக்குப் போய் ஆயிரக்கணக்கில் லேபிள் அடித்துவிடாதீர்கள். மெஷினுக்கு இப்போது அவசரம் இல்லை, கையால் ஒட்டும் சீலர் போதும். இன்ஸ்டாகிராமை வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் தலையில் கட்டுங்கள்.