துபாய் பிளாட்டுக்கு கிரெடிட் கார்டில் அட்வான்ஸ் கட்டிவிட்டேன், மீதியை எப்படி அனுப்புவது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். வயது 54. மகன் துபாயில் வேலை பார்க்கிறான். போன மாதம் இங்கே ஒரு ஹோட்டலில் நடந்த விற்பனை முகாமில், ஜுமேரா வில்லேஜ் சர்க்கிளில் கட்டப்படும் ஒரு படுக்கையறை பிளாட்டை 12 லட்சம் திர்ஹாமுக்கு என் பெயரில் புக் செய்தேன். அங்கேயே என் கிரெடிட் கார்டைத் தேய்த்து 20,000 திர்ஹாம் கட்டினேன். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. கையெழுத்தின்போது 20 சதவீதம், கட்டுமானக் காலத்தில் 40, சாவி வாங்கிய பின் இரண்டு வருடத்தில் 40 என்று தவணை. வங்கி வழியே அனுப்பினால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள், கோவையில் ரூபாயைக் கொடுத்தால் துபாயில் திர்ஹாமாகக் கட்ட ஆள் இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். வீடு வாங்கினால் கோல்டன் விசா கிடைக்கும், பிறகு நானும் என்.ஆர்.ஐ. ஆகிவிடுவேனாம். பணத்துக்காக சூலூரில் ஒரு மனையை விற்கப் போகிறேன். வேறு வீடு வாங்குவதால் அந்த லாபத்துக்கு வரி வராது என்கிறார்கள். இதெல்லாம் சரிதானா?

பதில்: சரியில்லை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டிருக்கிறீர்கள், சரிசெய்ய இடம் இருக்கிறது. துபாயில் வீடு வாங்க வெளிநாட்டவருக்குத் தடையில்லை. அதற்கென ஒதுக்கிய பகுதிகளில் நீங்கள் சொல்லும் இடமும் ஒன்று. உங்கள் சிக்கல் பணம் இங்கிருந்து போகும் வழியில் இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்குவது ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திலும், அதன் கீழ் 2022இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளிலும் அடங்கும்.

முதலில் கார்டு. வெளிநாட்டுச் சொத்துக்கான பணம் தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின்படி உங்கள் வங்கிக் கிளை வழியே, ஏ2 எனும் அந்நியச் செலாவணி விண்ணப்பப் படிவம் கொடுத்துப் போக வேண்டும். கிரெடிட் கார்டு பயணம், ஹோட்டல் மாதிரியான செலவுகளுக்குத்தான். அதில் சொத்து வாங்கியது விதிமீறல். கார்டு தேய்த்தபோது வந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் அச்சாகியிருப்பது கட்டுமான நிறுவனத்தின் பெயரா, ஏஜென்டின் பெயரா? ஏஜென்டின் பெயரென்றால் நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேரவே இல்லாமல் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும், 20,000 திர்ஹாமை அதே கார்டுக்குத் திருப்பி வரவு வைத்துவிட்டு, அதே தொகையை வங்கி வழியே பெற்றுக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். மெயிலில் கேளுங்கள், வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம். புக்கிங் படிவத்தில் "திருப்பித் தரப்படாது" என்ற வரி இருக்கக்கூடும். ஆனால் மீதி 98 சதவீதத்துக்கு மேல் வர வேண்டியிருக்கும் நிலையில் பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு மறுப்பதில்லை.

பணம் திரும்பினாலும் நடந்த மீறல் தானாக அழியாது. ரிசர்வ் வங்கியிடம் சமரசத் தீர்வு, அதாவது காம்பவுண்டிங், கேட்டு விண்ணப்பிக்கலாம். 2024 விதிகளின்படி கட்டணம் 10,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். மீறலைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால்தான் திருப்பி வரவு வைப்பதை முதலில் சொன்னேன். தானே வந்து ஒப்புக்கொண்டவரையும் நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வருபவரையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

ஏஜென்ட் சொல்லும் அந்த "ஆள்" உண்டியல்காரர், அதாவது வங்கி வழியில்லாமல் பணத்தைக் கைமாற்றிவிடுபவர். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஃபெமாவின் 3ஆம் பிரிவை மீறும் இந்தப் பரிமாற்றம் அமலாக்கத் துறையின் கைக்குப் போகிறது. தண்டம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை. அதைவிடக் கடுமையானது 2015இல் சேர்த்த 37ஏ பிரிவு: வெளிநாட்டில் சட்டத்துக்குப் புறம்பாகச் சொத்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால், அதற்குச் சமமான மதிப்புள்ள சொத்தை இந்தியாவிலேயே முடக்கலாம். துபாய் பிளாட்டுக்காக உங்கள் பட்டறை முடங்கும் என்று பொருள். விற்கும்போதும் தொல்லை விடாது. விற்ற பணத்தை ஊருக்குக் கொண்டுவரும்போது, வாங்கிய பணம் எப்படிப் போனது என்று வங்கி கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது.

தவணைத் திட்டத்தில் கடைசி 40 சதவீதத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டிடம் எழ எழக் கட்டும் தவணை விலையின் ஒரு பகுதி. சாவி கைக்கு வந்த பிறகும் 4,80,000 திர்ஹாம் பாக்கி நிற்பது, வெளிநாட்டு நிறுவனத்திடம் நீங்கள் வாங்கிய கடன் என்று வாதிட நிறைய இடம் இருக்கிறது. இங்கே வசிப்பவர் வெளிநாட்டு வீட்டுக்காக அப்படிக் கடன் வாங்க ஃபெமா பொது அனுமதி தரவில்லை. துபாய் வங்கியில் உங்கள் பெயரில் வீட்டுக்கடன் வாங்குவதற்கும் இதே பதில்தான்.

எவ்வளவு அனுப்பலாம்? ஒரு நபருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான விகிதம், ஆகவே 9,18,125 திர்ஹாம். வீட்டு விலையோடு துபாய் நிலத்துறையின் 4 சதவீதப் பதிவுக் கட்டணம் 48,000 சேர்த்தால் 12,48,000 திர்ஹாம். உங்கள் ஒருவர் வரம்பில் ஒரே ஆண்டில் அடங்காது, இரண்டு நிதியாண்டில் அடங்கும். மனைவியின் வரம்பையும் சேர்க்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். வாங்குபவர் பட்டியலில் இல்லாத மனைவி, மைத்துனர் கணக்கிலிருந்தெல்லாம் பணம் அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. மனைவிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அவர் பங்குக்கு வரும் வாடகை உங்கள் வருமானத்தோடு சேரும்.

பணம் போக வேண்டியது உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து. எல்.ஆர்.எஸ். தனிநபருக்கு மட்டும், கம்பெனி, பார்ட்னர்ஷிப், இந்துக் கூட்டுக் குடும்பம் எதற்கும் கிடையாது. தொழிலுக்கான சி.சி. கணக்கிலிருந்து, அதாவது வங்கி தரும் கடன் கணக்கிலிருந்து, எடுத்து அனுப்புவது இரட்டைத் தவறு, ஏனெனில் இதற்கு வங்கிக் கடனும் கூடாது. அந்த வங்கியில் உங்களுக்கு ஒரு வருடமாவது கணக்கு இருப்பது நல்லது. இல்லையென்றால் பழைய வங்கி அறிக்கையும் வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0005, அதாவது வெளிநாட்டு ரியல் எஸ்டேட் முதலீடு. மகன் துபாயில் இருக்கிறான் என்று தெரிந்ததும் கிளை ஊழியர் பழக்க தோஷத்தில் எஸ்1301 என்ற குடும்பப் பராமரிப்புக் குறியீட்டைப் போட்டுவிடுவார். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அனுப்பிய ஒவ்வொரு முறையும் ஏ2 நகலையும், ஸ்விஃப்ட் எனும் வங்கிப் பரிமாற்றச் செய்தியின் நகலையும் வாங்கி, வீடு உங்களிடம் இருக்கும் வரை வைத்திருங்கள். முன்கூட்டியே அனுப்பி அங்கே போட்டு வைப்பதிலும் பயனில்லை. 180 நாளுக்குள் பயன்படுத்தாத பணத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

வங்கி வழியே அனுப்பினால் பிடிப்பதாக ஏஜென்ட் சொன்ன அந்த 20 சதவீத வரி செலவு அல்ல, முன்வரி. டி.சி.எஸ். எனும் இந்த வரி, நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்குத்தான். ஒரு கோடி அனுப்பினால் 90 லட்சத்துக்கு 18 லட்சம் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். முன்வரித் தவணைகளில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியது ரீஃபண்டாக வரும். கையில் 1 கோடியே 18 லட்சம் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நெருக்கடி. தவணை நாளைக் குறிக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

துபாய்ப் பக்கம் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் அவற்றில் சறுக்கினால் அடி பலம். 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது கட்டுமானத்துக்கு மட்டும் எடுக்கக்கூடிய தனிக் கணக்குக்கு, போக வேண்டும். நிலத்துறையின் "துபாய் ரெஸ்ட்" செயலியில் திட்டத்தின் பதிவையும் கட்டுமான முன்னேற்றத்தையும் பார்க்கலாம். நிறுவனம் தரும் எஸ்க்ரோ கணக்கு எண்ணை நிலத்துறைப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். கையெழுத்தானதும் தற்காலிகப் பதிவேட்டில் ஏற வேண்டும், அங்கே அதை "ஊகூத்" என்பார்கள். பதிவேறாத விற்பனை 2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டப்படி செல்லாது. நம் ஊர் பத்திரப்பதிவு மாதிரி வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை முகாமில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுவனம் நிலத்துறையிடம் முறையிடும், உங்களுக்கு 30 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால், கட்டுமானம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்து வீட்டு மதிப்பில் 25 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். 60ஐத் தாண்டியிருந்தால் 40 சதவீதம் வரை. இது கட்டிய பணத்தில் அல்ல, வீட்டு மதிப்பில். 12 லட்சத்தில் 25 சதவீதம் 3 லட்சம் திர்ஹாம்; நீங்கள் 20 சதவீதம் மட்டும் கட்டியிருந்தால் மொத்தமும் போகும். ஒப்பந்தத்தில் கொடுக்கும் மெயில் முகவரி நீங்கள் தினமும் திறப்பதாக இருக்கட்டும்.

கோல்டன் விசா எனும் நீண்டகாலத் தங்கும் அனுமதிக்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வேண்டும். உங்களுடையது 12 லட்சம். அப்படியே விசா கிடைத்தாலும் நீங்கள் என்.ஆர்.ஐ. ஆக மாட்டீர்கள். ஃபெமாவும் வருமான வரிச் சட்டமும் பார்ப்பது எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள், எதற்காகப் போனீர்கள் என்பதை. பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டிக்கரை அல்ல.

சூலூர் மனை விஷயம் சுருக்கமானது. மனை விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் வாங்கும் வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். துபாய் வீட்டைக் காட்டி விலக்கு கேட்க முடியாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த மனை என்றால் வரி எவ்வளவு என்று உங்கள் ஆடிட்டரிடம் கணக்கிட்டு, அதையும் ஒதுக்கி வைத்த பிறகு துபாய்க்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

என் யோசனை: வீட்டை மகன் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். வேலைக்காகத் துபாய் சென்று வசிக்கும் அவருக்கு ஃபெமாவின் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அங்கே கடன் வாங்கலாம்: 50 லட்சம் திர்ஹாமுக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு, கட்டி முடிந்ததென்றால் மதிப்பில் 80 சதவீதம் வரை, கட்டுமானத்தில் இருந்தால் 50 சதவீதம் வரை வங்கிகள் தரலாம் என்பது அந்நாட்டு மத்திய வங்கியின் உச்சவரம்பு. சாவிக்குப் பிந்தைய தவணையும் அவருக்குப் பிரச்சினையில்லை. குறையும் பணத்தை நீங்கள் அன்பளிப்பாக, எஸ்1302 குறியீட்டில், அதே 2,50,000 டாலர் வரம்புக்குள் அனுப்பலாம்; டி.சி.எஸ். அப்போதும் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகாததால் புக்கிங் படிவத்தில் வாங்குபவர் பெயரை மாற்றுவது இப்போது எளிது. ஊகூத் ஏறிய பிறகு அது தனிப் பரிமாற்றம், தனிக் கட்டணம்.

உங்கள் பெயரில்தான் வேண்டும் என்றால், அடுத்த வருமான வரிக் கணக்கை ஐ.டி.ஆர்.-2 அல்லது 3இல் போட்டு, வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையை நிரப்ப வேண்டும். அது ஏப்ரல்-மார்ச் கணக்கல்ல, டிசம்பர் 31 வரையான காலண்டர் ஆண்டு. சாவி வாங்காவிட்டாலும் கட்டிய தொகையைக் காட்டிவிடுவதே பாதுகாப்பு. காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் தண்டம் 10 லட்சம் ரூபாய். சிறு தொகைகளுக்கு 2024 அக்டோபரில் வந்த 20 லட்சம் ரூபாய் விலக்கு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. வாடகை வந்தால் அங்கே வருமான வரி இல்லை என்பதற்காக இங்கே விட்டுவிட முடியாது. 30 சதவீதக் கழிவு போக மீதிக்கு உங்கள் வரி விகிதத்தில் கட்ட வேண்டும்.

மகனுக்கு பவர் கொடுத்துக் கையெழுத்திட வைப்பதானால், நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்று வாங்கி, அங்கே அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் சட்ட மொழிபெயர்ப்பாளரின் அரபு மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். அபோஸ்டில் எனும் ஒற்றைச் சான்று முத்திரை மட்டும் குத்தி அனுப்பினால் திரும்பி வரும். ஒப்பந்தக் கெடுவுக்குள் முடியாது என்று தோன்றினால், கெடுவை நீட்டச் சொல்லி கார்டு விஷயத்தைக் கேட்கும் அதே மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.