யூகித்துவிட்டால் ட்விஸ்ட் செத்துவிடுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற கற்பனை உலகத் தொலைக்காட்சித் தொடர் பற்றியவை என்பதால் முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டோம். தொடரை இன்னும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், பெரிய ரகசியங்கள் எல்லாம் கீழே உடைகின்றன.

கேள்வி: ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பதை ரசிகர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியானால் அந்த ட்விஸ்ட் தோல்விதானே?

பதில்: இல்லவே இல்லை. அந்தக் கதையின் பெரிய வெற்றியே அதுதான் என்பேன். தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் முதல் புத்தகம் 1996-ல் வந்தது. அதில் ஜான், நெட் ஸ்டார்க் என்ற பிரபுவின் முறைகேடாகப் பிறந்த மகனாக வளர்கிறான். உண்மையில் இளவரசன் ரேகார் டார்கேரியனுக்கும் நெட்டின் தங்கை லியானா ஸ்டார்க்குக்கும் பிறந்தவன்தான் ஜான் என்று அடுத்த வருடமே இணையத்தில் வாசகர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் அது உறுதியானது 2016-ல், ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில். இடையில் கிட்டத்தட்ட 20 வருடம்! தொடர் எடுக்கும் உரிமை கேட்டு வந்த பெனியாஃப், வைஸ் இருவரிடமும் மார்ட்டின் வைத்த பரீட்சையே 'ஜானின் அம்மா யார்?' என்பதுதான், அவர்களும் சரியாகச் சொன்னார்கள். கவனித்துப் படித்தால் பிடிபடும்படிதான் அவர் அதை எழுதியிருந்தார்.

முதல் சீசனில் நெட் ஸ்டார்க் ஜானிடம் விடைபெறும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உனக்கு என் பெயர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஓடுவது என் ரத்தம் என்கிறார், அடுத்த முறை சந்திக்கும்போது உன் அம்மாவைப் பற்றிப் பேசுவோம் என்கிறார். 'என் மகன்' என்ற சொல் அந்த இடத்தில் வரவே இல்லை. மாமனாக அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

இந்தத் தியரி ஏன் இவ்வளவு பேரை நம்பவைத்தது என்றால், ஒரே பதிலில் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. மானத்துக்காக உயிரையே கொடுக்கக்கூடிய நெட் எப்படி மனைவிக்குத் துரோகம் செய்தார்? உயிர் நண்பன் ராபர்ட்டிடம்கூட ஏன் வாய் திறக்கவில்லை? டார்கேரியன்களை வீழ்த்தி அரசனானவன் ராபர்ட், டார்கேரியன் குழந்தை என்று தெரிந்தால் கொன்றிருப்பான், அதனால்தான். வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காகக் கதையை மாற்றுவது பெரிய கேடு, ஏனென்றால் க்ளூக்கள் ஏற்கெனவே விதைக்கப்பட்டுவிட்டன என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். யாருமே யூகிக்காத திருப்பம் வேண்டும் என்றால் எதையும் விதைக்காமல் எழுத வேண்டும், அப்படி எழுதிய கதையை இரண்டாவது தடவை பார்க்க யாருக்கு மனசு வரும்?

கேள்வி: திருமண விருந்தில் நெட்டின் மகன் ராபும் அவன் அம்மா கேட்லினும் கொல்லப்படும் ரெட் வெட்டிங் வெறும் அதிர்ச்சிக்காகத்தானே?

பதில்: ராப் வாக்கை மீறிய நாளிலிருந்தே அது வந்துகொண்டிருந்தது. ஃப்ரே குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறொருத்தியைக் காதலித்து மணந்தான், வால்டர் ஃப்ரே அவமானத்தை மறக்கிற ஆள் இல்லை. கதவு சாத்தப்படுகிறது, பாட்டு மாறுகிறது, சதியில் சேர்ந்துகொண்ட ராபின் தளபதி போல்ட்டனின் சட்டைக் கைக்குள் இரும்புக் கவசம் தெரிகிறது, கேட்லின் அதைப் பார்த்துவிடுகிறாள். விருந்துக்குக் கூப்பிட்டுக் கொல்வதும் மார்ட்டினின் கற்பனை மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் 1440-ல் டக்ளஸ் குடும்பத்து இளம் பிரபுவையும் அவன் தம்பியையும் விருந்துக்கு அழைத்துக் கொன்ற சம்பவமும், 1692-ல் க்ளென்கோவில் நடந்த படுகொலையும் தனக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: டிராகன்களை வைத்திருந்த டார்கேரியன் அரசி டெனேரிஸ் ஒரே எபிசோடில் கொடுங்கோலியாகிவிட்டாள். இதற்கு முன்னால் ஒரு க்ளூகூட இல்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, பாதி எனக்கும் உண்டு. ஆனால் க்ளூ இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றும்போது அவள் முகம் எப்படி இருந்தது? சலனமே இல்லை. அடிமை நகரமான மீரீனில் கொல்லப்பட்ட 163 குழந்தைகளுக்குப் பதிலாக 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்து தொங்கவிட்டாள், அதில் யார் குற்றவாளி, யார் அந்தக் கொலையை எதிர்த்தவன் என்று விசாரிக்கவில்லை. ஏழாவது சீசனில் மண்டியிட மறுத்த டார்லி தகப்பனையும் மகனையும் எரித்தாள். இரண்டாவது சீசன் கடைசியில் அவளுக்கு வரும் காட்சியில் கூரை இடிந்த அரியணை மண்டபம், மேலே இருந்து வெள்ளையாக ஏதோ உதிர்கிறது. பனி என்று நினைத்தோம். கடைசி எபிசோட் வந்தபோது அது சாம்பல்.

இத்தனை நாள் நாம் ஏன் பதறவில்லை என்றால், எரிந்தவர்கள் எல்லாம் நமக்குப் பிடிக்காதவர்கள். அவளுக்குக் கைதட்டிக்கொண்டே வந்த நம்மை அந்தத் திருப்பம் கேள்வி கேட்கிறது. அதுவரைக்கும் அருமையான யோசனை.

சறுக்கியது வேகத்தில். முதல் ஆறு சீசன்களும் தலா 10 எபிசோட், ஏழாவது 7, எட்டாவது வெறும் 6. அவளுடைய டிராகன் ரேகல் சாகிறது, தோழி மிசாண்டேயின் தலை போகிறது, ஆலோசகன் வேரிஸ் துரோகம் செய்கிறான், காதலன் ஜான் விலகுகிறான், இத்தனையும் இரண்டு எபிசோடுக்குள். ஒவ்வொன்றும் அவளை எப்படி உடைக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க நமக்கு நேரமே தரவில்லை. போதாக்குறைக்கு மணி அடித்து நகரம் சரணடைந்த பிறகுதான் அவள் எரிக்க ஆரம்பிக்கிறாள், அந்த நொடியில் அவள் மனதில் ஓடியது என்ன என்று காட்டாமல் கேமரா கீழே தெருவுக்குப் போய்விடுகிறது. போய்ச் சேர்ந்த இடம் சரி, கூட்டிப்போன விதம்தான் சரியில்லை. இன்னும் ஒரு சீசன் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நெட்டின் மகன் பிரான்தான் பிணப் படையின் தலைவனான நைட் கிங் என்று என் தோழி சத்தியம் செய்கிறாள். நிஜமா?

பதில்: தோழிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், ஆனால் தொடர் அதற்கு இடம் தரவே இல்லை. ஹோடரின் கதைக்குப் பிறகு பிறந்த தியரி இது. பிரான் கடந்த காலத்துக்குள் புகுந்து பின்னாளில் ஹோடர் என்று அழைக்கப்பட்ட சிறுவன் வைலிஸின் மனதைக் குலைத்துவிட்டான் என்று தெரிந்ததும், அப்படியானால் அவனால் வேறு யாருக்குள் எல்லாம் புகுந்திருக்க முடியும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். சிக்கல் என்னவென்றால், நைட் கிங்கை உருவாக்கியவர்கள் 'காட்டின் குழந்தைகள்' என்ற ஆதி இனத்தவர் என்று அதே எபிசோட் காட்டிவிட்டது, அங்கே விடை தெரியாத முடிச்சு எதுவும் பாக்கி இல்லை. ஜானின் பிறப்புத் தியரி இல்லாவிட்டால் நெட்டைப் புரிந்துகொள்ளவே முடியாது. இந்தத் தியரியை எடுத்துவிட்டால் கதையில் ஒன்றும் குறையாது.

கேள்வி: டார்கேரியன்களின் முன்கதையான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரின் கதைதான் புத்தகத்திலேயே இருக்கிறதே, இனி என்ன ட்விஸ்ட் வரப்போகிறது?

பதில்: அந்தப் புத்தகம் நாவல் மாதிரி எழுதப்பட்டது இல்லை, ஒரு வரலாற்று ஆசிரியர் தொகுத்தது போன்ற நூல். அவர் நம்பும் சாட்சிகளே ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். அதனால் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடருக்கு நிறைய இடம் இருக்கிறது. இளவரசி ரேனிராவின் கணவன் லேனோர் வெலாரியனை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அவன் கொல்லப்படுகிறான். முதல் சீசனில் உலகம் அவனைச் செத்துவிட்டான் என்று நம்ப, அவன் மொட்டைத் தலையுடன் படகில் தப்பிப் போகிறான். புத்தகம் படித்தவர்கள்தான் அந்த இடத்தில் அதிகம் திடுக்கிட்டிருப்பார்கள். அதனால் தைரியமாகப் பாருங்கள், படித்திருந்தால் இன்னும் நல்லது.