மந்தையோடு குதிரையில் செல்ல விரும்புவோருக்கு

கேள்வி: ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியில் மாட்டு மந்தையை ஓட்டிச் செல்லும் பயணத்தில் சுற்றுலாப் பயணிகளும் சேரலாம் என்று அறிந்தேன். எனக்கு வயது 52. மாடுகளோடு வளர்ந்தவள், ஆனால் குதிரையேற்றம் தெரியாது. நான் போகலாமா?
– வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால், குதிரையில் நாள் முழுவதும் அமர்ந்து பழகிய பிறகே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வழித்தடங்களில் செல்லும் மாடுகள், ஒரே இடத்துப் புல்லை மேய்ந்து தீர்த்துவிடாதிருக்க, பொதுவாக நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டராவது நகர வேண்டும் என்பது விதி. பத்து கிலோமீட்டர் என்றால் ஏறக்குறையக் கிண்டியிலிருந்து எழும்பூர் வரையிலான தொலைவுதான். ஆனால், மாடுகள் மேய்ந்துகொண்டே நகர்வதால் அதைக் கடக்க ஒரு பகல் பிடிக்கும். வேகமாகக் குதிரை ஓட்டும் திறமை இங்கே அதிகம் தேவைப்படாது; வெயிலிலும் புழுதியிலும் மணிக்கணக்காகச் சேணத்தில் அமர்ந்திருக்க முதுகும் தொடையும் ஒத்துழைப்பதுதான் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. அங்கே சில மாதங்கள் பழகுங்கள். கடைசி வாரங்களில் தொடர்ந்து சில மணி நேரம் சவாரி செய்து பாருங்கள்.

மாடுகளோடு வளர்ந்த அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால், ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். நம் வீட்டு மாடு பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். அங்குள்ளவை பரந்த பண்ணைகளில் மனிதரை அதிகம் காணாமல் வளர்பவை. குதிரைமேல் வருபவரைவிட, தரையில் நடந்து வருபவரைக் கண்டே அவை மிரளும். வலுவான மாடுகள் தாமாகவே முன்னே செல்ல, கன்றுகளும் களைத்தவையும் பின்தங்கும். புதியவர்களைப் பெரும்பாலும் அந்தப் பின்வரிசையிலோ பக்கவாட்டிலோதான் நிறுத்துவார்கள். பின்தங்கிய பசுவை நீங்கள் மிகவும் நெருங்கினால், அது சட்டென்று திரும்பி நின்று தலையைத் தாழ்த்தும். குதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் காத்திருந்தால், தானாகவே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். இந்தப் பொறுமைதான் மேய்ப்பரின் தொழில். அதைக் கற்பதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்பேன்.

கேள்வி: இது சுற்றுலாவுக்காகவே உருவாக்கப்பட்ட காட்சியா, உண்மையான தொழிலா?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: இரண்டும் உண்டு. குவீன்ஸ்லாந்தின் பர்ட்ஸ்வில் ஊரிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரி ஊர் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையில், நிலத்தடி நீருக்காக அரசு தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளை நம்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மந்தைகள் மாரி ரயில் நிலையத்தை அடைந்தன. பெரிய லாரிகள் வந்தபின் அந்த நடை ஓய்ந்தது. 2002-இல் அதே பாதையில் பயணிகளையும் சேர்த்துக்கொண்டு அதை மீண்டும் நடத்தினார்கள். குவீன்ஸ்லாந்தின் அராமாக் ஊரில் நடத்தப்பட்ட பயணத்துக்கு ஹாரி ரெட்ஃபோர்டின் பெயரைச் சூட்டினார்கள். 1870-இல் ஏறக்குறைய ஆயிரம் மாடுகளைத் திருடித் தெற்கு ஆஸ்திரேலியா வரை ஓட்டிச் சென்று, பின்னர் நீதிமன்றத்தில் விடுதலையானவர் அவர். ஆனால், வறட்சிக் காலத்தில் பண்ணையில் புல் தீர்ந்து, வழித்தடத்துப் புல்லை நம்பி மந்தையை ஓட்டிச் செல்வோர் இன்றும் இருக்கிறார்கள். பயணிகளை ஏற்கும் அத்தகைய மந்தை கிடைத்தால், வசதி குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். (ஆஸ்திரேலியக் குதிரைகள் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் வந்திறங்கின என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.)

கேள்வி: எந்த மாதம் செல்வது? சைவ உணவு கிடைக்குமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். பகல் இதமாக இருக்கும்; இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். கான்வாஸ் சுருள் படுக்கையில் வெட்டவெளியில் உறங்க நேரும் என்பதால் கம்பளி உள்ளாடை அவசியம். சமையலில் மாட்டிறைச்சியே பிரதானம். சைவர்கள் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது குதிரைச் சவாரி விபத்து அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் அடங்காது. சவாரி செய்பவருக்கு எடை வரம்பு உண்டா, முகாமில் சாட்டிலைட் ஃபோன் உண்டா என்றும் கேளுங்கள். 1928 முதல் இயங்கும் பறக்கும் மருத்துவர் சேவைதான் அங்கே அவசரத்துக்கு உதவி. தகவல் போனால்தான் விமானம் வரும்.

கோமாரி நோய் 1872-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் தலைகாட்டியதில்லை. நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஆகவே, கடந்த 30 நாட்களில் பண்ணையிலோ கால்நடைகளுடனோ இருந்தீர்களா என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். இங்கே குதிரையேற்றம் பழகியவர்களும், ஊரில் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்வந்தவர்களும் தயங்காமல் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் காலணியைச் சோதித்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால்தான் அபராதம். பயிற்சியில் அணிந்த காலணியை மண் துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பெட்டியின் மேற்புறத்திலேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள்.