முதல் கைத்துப்பாக்கியாக .22 வாங்கலாமா? 400 டாலருக்குள் மக்கர் பண்ணாத பிஸ்டல் எது?

கேள்வி: அமெரிக்கா வந்து எட்டு வருடம் ஆகிறது, இப்போது டெக்சஸில் இருக்கிறேன். ரேஞ்சுக்குப் போய்ப் பழகுவதற்கு முதன்முதலாக ஒரு .22 பிஸ்டல் வாங்க ஆசை. பட்ஜெட் 400 டாலர். அடிக்கடி ஜாம் ஆகாமல் ஓடக்கூடியது எது?

பதில்:

எட்டு வருடம் என்றீர்கள், என்ன விசா என்று சொல்லவில்லையே? அதுதான் முதல் கேள்வி. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி விசாவில் வந்து தங்கியிருப்பவர் துப்பாக்கியோ, ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருந்தாலும் பெடரல் சட்டப்படி குற்றம். டெக்சஸ் ஆயிற்றே, இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மாநிலம் கொடுக்கும் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்த வழியில் வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்தீர்கள் என்றால், மறுநாள் காலையில் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். கிரீன் கார்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் இந்த வம்பை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

கார்டு கைக்கு வந்துவிட்டதென்றால் பெரிய சிக்கல் இல்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையை அவர்களே ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கும். சில மாநிலங்களில் அது சட்டபூர்வம் என்றாலும் பெடரல் கணக்கில் இல்லை. அங்கே பொய் எழுதினால் அது தனிக் குற்றம். இதைப் படிக்கும் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சிக்காரர்களுக்குக் கதை வேறு. கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு, எந்த மாடலைக் கடையில் விற்கலாம் என்ற அரசுப் பட்டியல் எல்லாம் உண்டு. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கிக்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன்.

.22 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கு. அதில் ஆரம்பிக்க நினைத்ததே நல்ல புத்தி. நான் கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டவன். அந்த மிதப்பில் இங்கே வந்ததும் நேராக 9 எம்.எம். வாங்கினேன். இரண்டே வாரத்தில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. டிரிகரை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், மணிக்கட்டு கீழே இறங்கும். குண்டு போய்த் தாளின் கீழ் ஓரத்தில் விழும். உதைக்கும் என்று உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது, அவ்வளவுதான். .22-இல் அந்த உதை இல்லை. டிரிகரை எப்படி அழுத்துகிறோம் என்று கவனிக்க மனம் மிஞ்சுகிறது. போதாததற்கு, 9 எம்.எம்.மில் ஒரு ரவுண்டு சுடும் காசுக்கு இதில் மூன்று சுடலாம்.

ஆகவே அடுத்து ஒரு .22 வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, விலையும் சல்லிசு. பெயர் வேண்டாம். பத்து ரவுண்டு போட்டால் இரண்டு ஜாம். சுட்ட தோட்டாவின் காலிக் கேஸ் வெளியே வராமல் கதவிடுக்கில் அகப்பட்ட விரல் மாதிரி சிக்கிக்கொண்டு நிற்கும். மூன்று மாதம் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நான் வழக்கமாக வாங்கும் 500 ரவுண்டு மலிவுப் பெட்டி கடையில் தீர்ந்துபோய்விட்டது. வேறு வழியில்லாமல் சி.சி.ஐ. மினி-மேக் ஒரு பெட்டி, அதிக விலை கொடுத்து வாங்கிப் போனேன். நூறு ரவுண்டில் இரண்டே ஜாம். திட்டில் முக்கால்வாசி துப்பாக்கிக்கு உரியதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மீதிக் கால்வாசி உரியதுதான்; பிறகு அதை விற்றுவிட்டேன்.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் தோட்டாவின் வயிற்றில் இருக்கிறது. தீபாவளிக்குப் பொட்டு வெடி சுட்ட கை உங்களுடையது என்றால் உடனே பிடிபடும். 9 எம்.எம். மாதிரித் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் தீப்பற்றும் மருந்து தனிக் கிண்ணத்தில் இருக்கும். .22 ரிம்ஃபயர் வகை, அதில் அந்தப் பொட்டு கிடையாது. தோட்டாவின் அடி விளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள் மருந்தைச் சுற்றிப் பரப்பியிருப்பார்கள். டிரிகரை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் ஊசி விளிம்பில் எங்கே அடித்தாலும் பற்ற வேண்டும். பரப்பியதில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்து ஊசி அங்கேயே விழுந்தால், டக் என்ற சத்தத்தோடு சரி. எவ்வளவு நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது எப்போதாவது நடக்கும். .22 எல்.ஆர். என்ற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது; அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

இரண்டாவது சங்கதி, பலம். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல், சுட்ட தோட்டாவின் உதையை வைத்தே காலிக் கேஸை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்றுகிறது. .22-இல் உதையே கொஞ்சம். ஸ்பிரிங்கையும் ஸ்லைடையும் அந்தக் கொஞ்சத்துக்கு ஏற்றபடி லேசாகச் செய்திருப்பார்கள். தோட்டா கொஞ்சம் சோனியாக இருந்தாலோ, உள்ளே மெழுகும் ஈயமும் கரியும் அப்பியிருந்தாலோ பாதி வழியில் நின்றுவிடும். மேகசினில் தோட்டாக்களை அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. நிதானமாக ஒவ்வொன்றாக, முன்னால் சாய்த்துப் போட்டால் அது நடக்காது.

அதனால் "ஜாம் ஆகாத .22 எது" என்று கேட்டால், எந்தத் தோட்டாவைப் போட்டு என்று நான் திருப்பிக் கேட்பேன். வாங்கியதும் நான்கைந்து வகையில் ஐம்பது ஐம்பது ரவுண்டு சுட்டுப் பாருங்கள். எது சிக்கியது, எது ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சில துப்பாக்கிகளுக்கு வேகமான தோட்டாதான் சரிப்படும். மினி-மேக் 40 கிரெய்ன் எடை, பெட்டியில் வினாடிக்கு 1,235 அடி என்று போட்டிருக்கும். அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வகை 1,070 அடி. முன்னதில் நன்றாக ஓடி, பின்னதில் திணறும் பிஸ்டல்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்துப்போனது தெரிந்தவுடன் நாலு பெட்டி சேர்த்து வாங்கி வையுங்கள். 2013-இலும் 2020-இலும் .22 தோட்டா ரேஷன் கடைச் சர்க்கரை மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கு இத்தனைதான் என்று அளந்து விற்ற கடைகள் உண்டு.

என் கையில் இப்போது இருப்பது ரூகர் மார்க் 4, அதில் 22/45 என்ற வகை. உங்களுக்கும் அதையே சொல்வேன். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும் அடிப்படை மாடல் 400-ஐ ஒட்டிக் கிடைக்கும். இந்த வம்சம் 1949-இல் ஆரம்பித்தது. வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் முதல் சரக்கே ஒரு .22 பிஸ்டல்தான், அன்றைய விலை 37 டாலர் 50 சென்ட். மற்றப் பிஸ்டல்களில் மேலே ஸ்லைடு முழுக்க முன்னும் பின்னும் ஓடும். இதில் குழல் அசையாது, அதற்குப் பின்னால் ஒரு போல்ட் மட்டும் உள்ளுக்குள் ஓடும். குறி பார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதால் குண்டு போகும் இடமும் மாறாது. தப்பினால் தப்பு நம் கையில்தான் என்று தெரிந்துவிடும், பழகுகிறவனுக்கு அது பெரிய உபகாரம்.

மார்க் 2, மார்க் 3 காலம் வரை இதில் ஒரு தொல்லை. சுத்தம் செய்யப் பிரித்துவிடலாம், மறுபடி மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பிரித்ததை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிப் போன கதைகள் ரேஞ்சில் ஏராளம். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பட்டன், அமுக்கினால் இரண்டாகப் பிரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 2017 ஜூன் 1-க்கு முன் செய்தவற்றை ரூகரே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. சேஃப்டி லீவர் பாதியில் நிற்கும்போது டிரிகர் இழுபட்டால், பிறகு லீவரைத் தள்ளும் நேரத்தில் வெடிக்க வாய்ப்பிருந்தது. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நூறு டாலர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் டாரஸ் டி.எக்ஸ். 22. 2019-இல் வந்தது, மேகசினில் 16 ரவுண்டு. இந்த விலையில் இவ்வளவு ஒழுங்காக ஓடும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. நண்பருடையதில் ஒரு மத்தியானம் முழுக்கச் சுட்டேன். கைப்பிடி, எடை எல்லாம் இன்றைய 9 எம்.எம். பிஸ்டல்களின் சாயலில் இருப்பதால், பின்னால் அதற்கு மாறப்போகிறவர்களுக்கு இது இன்னும் பொருத்தம். க்ளாக் 44-உம் அந்த ரகம்தான்.

ஜாம் என்ற பேச்சே வேண்டாம் என்றால் ரிவால்வர். ரூகர் ராங்லர் 249 டாலர் என்று விலை போட்டு 2019-இல் வந்தது. ஹெரிடேஜ் ரஃப் ரைடர் அதைவிடவும் மலிவு. இரண்டிலும் ஆறு ரவுண்டு, ஒவ்வொன்றாக ஓரக் கதவு வழியாகப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். அவசரக்காரர்களுக்கு ஒத்து வராது. ஆனால் அந்த நிதானமே தோட்டாச் செலவைப் பாதியாக்கிவிடும்.

எதுவானாலும் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், பல ரேஞ்சுகளில் தருவார்கள். கை சிறியது, பெரியது என்பதெல்லாம் யூடியூபில் தெரியாது. அப்படியே ஒரு மணி நேரம் பயிற்றுநரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

டக் என்று நின்றுவிட்டால் உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அதோடு நிறுத்திவிட்டு, காலி செய்து, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். தோட்டா இல்லாமல் வெறுமனே டிரிகரை அழுத்திப் பழகுவதற்கும் .22-இல் யோசிக்க வேண்டும். விளிம்பு இல்லாத இடத்தில் ஊசி போய் இரும்பிலேயே முட்டும். மேனுவலில் செய்யலாம் என்று போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். இங்கே பலர் சுவரில் ஸ்க்ரூ இறுக்க வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கைத் தோட்டாவுக்குப் பதில் போட்டுப் பழகுகிறார்கள், அளவு கச்சிதமாக உட்காரும்.

சின்னத் துப்பாக்கிதானே என்று காதைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். 140 டெசிபலே ஒரே வெடியில் காதைப் பதம் பார்க்கும், .22 பிஸ்டல் அதைத் தாண்டிவிடும். வெடித்த புகையில் ஈயம் இருக்கிறது. கை கழுவாமல் ஒரு வாய் முறுக்குகூட வேண்டாம், குழந்தை இருக்கிற வீட்டில் ரேஞ்சுக்குப் போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும்.

400 டாலரில் பூட்டுப் பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில், குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி வைத்திருந்தால் பெற்றவர்கள் மேல் வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள், பெட்டி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் இதே எச்சரிக்கைதான். என் அப்பா போன வருடம் பி-2 விசாவில் வந்திருந்தார். ரேஞ்சுக்கு நானும் வருகிறேன் என்று அடம். முதலில் சொன்ன அந்த விசாச் சட்டம் அவருக்கும் பொருந்தும், நீங்கள் தொடவே கூடாதுப்பா என்று சொல்லிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். தாளைக் கழற்றிக் கொண்டு வந்து காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பத்துல நாலுதானேடா கறுப்புல விழுந்திருக்கு, இதுக்கா நானூறு டாலர்?" என்றார்.